எழில் எழுதிய பேச்சு

எழிலிடமிருந்து பிரீத்திகா பறித்துக்கொண்டது ஒன்றல்ல, இரண்டு. முதலில் மேடை. அப்புறம், அந்த மேடைக்கென்று எழில் எழுதிவைத்திருந்த பேச்சு.

ஆலைகளில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வைக்க அரசு விதி வகுக்கிறதாம். சிவகாசியில் கருத்துக் கேட்புக் கூட்டம். கல்லூரிக்கு ஒருவர் பேசலாம் என்றார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கக் கல்லூரியில் வைத்த பேச்சுப் போட்டியில் எழில்தான் முதல்; பேச்சுத் தாளைத் துறைத்தலைவரிடம் கொடுத்திருந்தாள். மறுநாளே பிரீத்திகா துறைத்தலைவர் அறைக்குள் போனாள். வெளியே வரும்போது இடம் அவளுடையதாகிவிட்டது. பட்டாசு முதலாளி மகள், வேறென்ன தகுதி வேண்டும்?

கூட்டம் முடிந்த நாலாம் நாள், கேன்டீனில் தோழி செல்வலட்சுமி கூட்டத்து வீடியோவைக் காட்டினாள்.

"விதி எழுதுற குழுவுல பதினோரு பேரு," போனுக்குள் பிரீத்திகா முழங்கினாள். "அதுல ஏழு பேரு, உலகம் பூரா கேமரா விக்கிற அந்தப் பெரிய கம்பெனி ஆளுக. கேமராவ அந்தக் கம்பெனியே சோதிச்சு, அதுவே சர்டிபிகேட்டும் குடுத்துக்கிடலாமாம். பரீட்சை எழுதுறவனே பேப்பரையும் திருத்துவானா?"

கைதட்டல்.

"வெடிமருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டு நிக்கணும். உடம்புல உள்ள மின்சாரம் இறங்கலைன்னா, ஒரு பொறி போதும். அப்படி நிக்கிற நேரத்த இந்தக் கேமரா 'சும்மா நிக்கிறா'ன்னு கணக்குல ஏத்துது. தொடாம ஓடுறவதான் அதுக்கு நல்ல வேலைக்காரி!"

இன்னும் பலமான கைதட்டல்.

எழில் வடையைப் பிய்ப்பதை நிறுத்தினாள். 'ஒரு பொறி போதும்' என்ற இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியது இவள். அந்தத் தகட்டை விஸ்வநத்தத்தில் தினமும் தொடுவது இவள் அம்மா மாரித்தாய், அதுவும் பிரீத்திகா அப்பாவின் ஆலையில். கைதட்டு மட்டும் அவளுக்கா?

வீடியோ முடிவில் யாரோ கேட்டார்கள்: "யாரும்மா எழுதிக் குடுத்தது?"

"நானேதான் எழுதினேன் சார்."

பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள் எழில். வண்டி நிறுத்துமிடத்தில் பிரீத்திகா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, விதியவே கம்பெனிக்காரன் களவாண்டுட்டான்னு மேடையில கத்துனியே, நீ பண்ணதுக்கு என்னடி பேரு?"

"மெதுவா பேசு எழிலு."

"எதுக்கு மெதுவா பேசணும்? ஸ்கூட்டி உனக்கு, ஏசி ரூம் உனக்கு, இங்கிலீஷு உனக்கு. எங்கிட்ட இருந்தது இந்த வாய் ஒண்ணுதான். அதையுமா பிடுங்கிக்கிடுவ? அம்புட்டுப் பேரு கைதட்டுனாகளே, இனிச்சுச்சா?"

"இனிச்சுச்சுடி. இப்படி நமக்கு எழுத வரலியேன்னு உம்மேல பொறாமையாவும் இருந்துச்சு."

"இந்த நைச்சியமெல்லாம் வேற எங்கனயாச்சும் வச்சுக்க. 'எழில் எழுதுனது', ரெண்டே வார்த்தை. சொன்னா வாய் சுளுக்கிக்கிடுமா?"

பிரீத்திகா ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் வீங்கியிருந்தது.

"அந்தக் கேமராவ நம்ம ஊர்ல மொத ஆளா வாங்குனது யாரு?"

"உங்கப்பாதான். ஊருக்கே தெரியுமே."

"அன்னைக்குக் கூட்டத்துல கம்பெனிக்காரங்களுக்கு நடுவுல, மொத வரிசையில உக்காந்திருந்தாரு. அவுக கேமராவப் பாராட்டத்தான் நான் மேடை ஏறுறேன்னு நெனச்சுக்கிட்டு. மூணு நாளாச்சு, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

"அதுக்கு நான் என்ன பண்ண? உன்னைய யாரு போகச் சொன்னா?"

பிரீத்திகா அவளை நேராகப் பார்த்தாள்.

"நீ போயிருந்தாலோ, நான் உம் பேரச் சொல்லியிருந்தாலோ, மறுநாக் காலையில உங்க தெருவுக்கு ஆலை வேன் வந்திருக்கும்டி, உங்கம்மாவ மட்டும் ஏத்தியிருக்க மாட்டாக. என்னைய அவரு, மக வேலையிலருந்தா நிறுத்த முடியும்?"