தானம் போன கார்

தானாக ஓடும் பழைய காரை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்த அன்று, பூபதி அதன் ஞாபகத்தை அழிக்கப் போனான். அவன் அம்மா மங்களேஸ்வரிதான் தடுத்தாள். "தானம் குடுக்கறதுல எதையும் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுடா. முழுசாக் குடு." நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மனசாரத்தான் அனுப்பினாள்.

பதினைந்தாம் நாள் காலை, அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அதே கார் வாசலில் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. அவளுடைய முழங்கால் வலிக்குத் தோதாக இருக்கை தாழ்ந்தது.

"பழைய நெனப்புல வந்துட்டியா சாமி?" என்று சிரித்தாள்.

"இல்லீங்கம்மா," என்றது கார், பழகிய குரலில். "ஹோம்ல ஒரு கட்டில் காலியாயிருக்கு. வீட்டுக்குப் பாரமா இருக்கற பெரியவங்க யாரையாச்சும் தெரிஞ்சா கூட்டிட்டு வரச் சொன்னாங்க. எனக்கு உங்களைத்தானுங்கம்மா தெரியும். அண்ணனும் அண்ணியும் ரெண்டு வருசமா எனக்குள்ள உக்காந்து அதைத்தானே பேசுனாங்க."

மங்களேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். மகனும் மருமகளும் வாசற்படியில் நின்றார்கள். பொய் என்று பூபதி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் காரின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மருமகள் உள்ளே போய், மாமியாரின் மாத்திரை டப்பாவை எடுத்து வந்தாள்.