பிரிக்காத கவர்

“ஸ்ரீரங்கத்துல உன் பீரோவுலதானே இருக்கு அந்தக் கவரு? பிரிச்சுப் பாரு தாயி! என் ஆடுங்களுக்குப் போட்டது மருந்தா, வெறும் உப்புத் தண்ணியான்னு இப்பவே தெரியணும்!”

ஆட்டுக்காரர் பிச்சையின் கூச்சலில் பட்டியிலிருந்த செம்மறிகள் மிரண்டு ஓரமாய் ஒதுங்கின. டாக்டர் வேணி நிமிரவே இல்லை. ஜீயபுரத்துச் சேற்றில் மண்டியிட்டு, ஒரு தாயாட்டின் வாய்ப்புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“முடியாதுங்க ஐயா. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. மழைக்காலம் முடிஞ்சுதான் பிரிக்கணும்.”

“அதுக்குள்ள மிச்சமும் செத்துப் போயிடுமே! ஏழு போச்சு. தண்ணின்னு தெரிஞ்சா, இருக்கறதுக்காவது மருந்தைப் போடலாம்ல?”

விசாரணை அதிகாரி கமர் ஜஹான் ஃபைலும் கையுமாகப் பட்டியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீலநாக்கு நோய்க்கு வேணி கண்டுபிடித்த புதுத் தடுப்பூசி, நாற்பது பட்டிகளில் சோதனையில் இருந்தது. பாதிப் பட்டிகளுக்கு மருந்து, பாதிக்கு உப்புத் தண்ணீர். எது யாருக்கு என்று சென்னையில் சீட்டுக் குலுக்கி, கவரில் வைத்து அரக்கு முத்திரையும் போட்டு வேணியிடம் கொடுத்திருந்தார்கள். அப்படியும், ‘டாக்டர் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் அசல் மருந்து போடுகிறார்’ என்று ஒரு மொட்டைக் கடுதாசி. அதை விசாரிக்கத்தான் அவள் வந்திருந்தாள். உண்மையென்றால் சோதனையே ரத்து. காலையில் பார்த்தபோது முத்திரை அப்படியே இருந்தது. ஆனால் இந்த மனுஷர் இப்படிக் கெஞ்சினால் நாளைக்கும் இருக்குமா?

இருபத்திரண்டு வருஷம்! வைரஸ் புகுந்ததும் ரத்தக்குழாயின் உட்சுவர் ஏன் வீங்குகிறது, நாக்கு ஏன் நீலம் பாரிக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பே கதியாகக் கிடந்தவர் வேணி. எல்லாம் இந்த ஒரு கவரை நம்பி இருந்தது.

“ஐயா, இப்ப பிரிச்சா இந்த ஊசி வேலை செய்யுதுன்னு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ஊர்ல மத்த ஆட்டுக்கெல்லாம் மருந்தே வராமப் போயிடும்.”

“ஊர் ஆடு, ஊர் ஆடு! என் ஆடு உனக்கு ஆடாத் தெரியலையா?”

வேணி சிரிஞ்சை எடுத்தார். பிறகு, “ஆடாம நில்லு செவலை” என்று ஆட்டைப் பெயர் சொல்லி அதட்டி, காய்ச்சலுக்கு ஊசி போட்டார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

யாரோ ஒருவருடைய ஆட்டின் பெயரைக்கூட நினைவில் வைத்திருக்கிறாரே! கமர் ஜஹானுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. இவரைப் போய் சந்தேகப்பட்டு ஒரு கடுதாசியா? அங்கேயே ஃபைலைப் பிரித்து, ‘புகாரில் உண்மையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“பெரியவரே, டாக்டர் மேல கோவப்படாதீங்க. வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு பார்க்கிற ஆளே இல்ல இவங்க. யார் வந்து கேட்டாலும் அந்தக் கவரைப் பிரிக்க மாட்டாங்க.”

பிச்சை தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை கோபமும் எங்கே போனதோ, குரலில் பெருமை வழிந்தது.

“அதை எனக்கே சொல்றீங்களாம்மா? பெத்த அப்பன் கேட்டே பிரிக்காதவ, வேற யார் கேட்டுப் பிரிக்கப் போறா!”