வட்டத்துக்குள் ஒரு செருப்பு

"யோவ், மிதிக்காதய்யா!" என்று கத்தியது ஒற்றைச் செருப்பு. பளபளவென்று ஒரு ஷூ அதன் வட்டத்துக்குள் ஏறி நின்றிருந்தது.

தொற்றுக் காலம். ரேஷன் கடை வாசலில் ஆளுக்கொரு சுண்ணாம்பு வட்டம். ஆட்கள் நிழல் கிடைத்த இடத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொள்ள, அவர்களுக்குப் பதிலாகச் செருப்பும் பையும் செங்கல்லும் வரிசையில் நின்றன. முதல் வட்டம் நம்ம செருப்புக்கு. அந்த இடத்தை விட்டால் அதன் சொந்தக்காரர் சவரிமுத்து வீட்டில் இன்றைக்கும் உலை வைக்க முடியாது.

"ஓரமாப் போ. தலைவர் அரிசி குடுக்கிற மாதிரி போட்டோ எடுக்கணும்," என்றது ஷூ. அதே வட்டத்துக்குள் இன்னும் பல ஷூக்கள் முண்டியடித்தன.

மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "கூட்டம் கூடாதீங்க! நாட்டுல யாருக்கும் பசி இல்ல. பொருளாதாரம் குதிரை மாதிரி ஓடுது!" அவர் பேசி முடிக்கும்வரை அரிசி மூட்டையைப் பிரிக்கக் கூடாதாம். அவரோ முடிக்கிற மாதிரியே இல்லை.

"குதிரைக்குக் கொள்ளு கிடைச்சிருச்சு போல. நமக்குத்தான் அரிசி கிடைக்கல," என்றது செருப்பு. சிரித்த சிரிப்பில் வாரில் குத்தியிருந்த ஊக்கு குலுங்கியது.

"நான் போனா கொலைக் கேஸ் ஆயிடும்," என்றது பின்னாலிருந்த செங்கல். "நீதான் லேசு. போ மாப்ள, உன் வட்டத்தை நான் பார்த்துக்கிறேன்."

செருப்பு ஒரே எம்பு. தலைவரின் மாலையில் போய்ச் சிக்கி ஜாலியாக ஊஞ்சலாடியது. தலைவர் எடுத்தார் ஓட்டம். ஷூக்களெல்லாம் பின்னாலேயே ஓடின. கடைக்காரர் மூட்டையைப் பிரித்தார்.

"என்ன ஆனாலும் வட்டத்தை விட்டு அசையாதே" என்று செருப்பிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் நிழலுக்குப் போயிருந்தார் சவரிமுத்து.