மழித்த முகம்

“மாலை போட்டுட்டு ஷேவ் பண்ணிட்டு வந்திருக்கீங்களே, இளமாறன்?”

பஜனை பாதியில் நின்றது. மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். குருசாமி மயில்சாமி பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அறையில் எல்லோரும் கவனித்தார்கள்.

இளமாறன் வாசலில் நின்றான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, வழவழவென்று மழித்த முகம்.

“குருசாமி, அது வந்து…”

“இன்டர்வியூவா?” என்றார் நஞ்சுண்டன். “தாடியோட போனா வெள்ளைக்காரன் வேலை தர மாட்டானாக்கும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லோருக்கும் மாலை போட்ட நாளிலிருந்து மழிக்காத தாடி.

“முதல் வருஷம் மாலை போட்ட கன்னிசாமி நீங்க. உங்களைத்தான் இன்னிக்குக் கற்பூரம் காட்டச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார் மயில்சாமி. “வேண்டாம். பின்னாடி போய் உக்காருங்க.”

இளமாறன் பின்வரிசையில், மனைவி வான்மதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகை அலாரத்துக்கு பிளாஸ்டிக் ஷவர் கேப் மாட்டியிருந்தது. பூஜை நேரத்தில் அலறாமலிருக்க அமெரிக்காவின் இந்த பிளெய்ன்ஸ்பரோவில் பாதித் தமிழர் வீடுகளில் செய்கிற ஏற்பாடு.

“குருசாமி, பூஜை முடிஞ்சதும் அந்தக் கேப்பை எடுத்துடுங்க.”

“முதல்ல உங்க முகத்தைப் பாருங்க. என் வீட்டுக் கூரையை அப்புறம் பாக்கலாம்.”

கற்பூரம் ஏற்றும்போது இளமாறனின் இடுப்பில் பேஜர் கத்தியது. எழுந்து ஓடினான்.

“ஆபீஸ்ல சர்வர் படுத்திருக்கும்” என்றார் நஞ்சுண்டன். “சாமியைவிட சர்வர் பெருசு.”

வான்மதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த சரணம் தொடங்கிவிட்டது.

தாங்ஸ்கிவிங் விடுமுறையன்று காலை மயில்சாமி பூஜையை முடித்துவிட்டு, கறுப்பு வேட்டிகளைத் துவைக்கக் கீழே லாண்டரி ரூமுக்குப் போனார். அவர் மனைவி ருக்மிணி ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

கூடையோடு படியேறி வந்தவர் கதவைத் திறந்ததும், கரும்புகை அவரைப் பின்னால் தள்ளியது. பூஜை விளக்குப் பக்கத்துத் திரைச்சீலை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அலாரம் சத்தமே இல்லை.

இரண்டு முறை உள்ளே போகப் பார்த்தார். இரண்டு முறையும் இருமிக்கொண்டு வெளியே வந்தார். அதே குடியிருப்பிலிருந்து ஓடி வந்த நஞ்சுண்டன்தான் அவரைக் கீழே புல்தரைக்கு இழுத்து வந்தார்.

ஃபயர் என்ஜின் வந்தது. வீரர்கள் ஹோஸோடு மாடிக்கு ஓடினார்கள். முதலில் ஏறியவன் வாசலில் நின்றுவிட்டான். மண்டியிட்டு, கூட்டத்துக்கு முதுகு காட்டியபடி ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். சுவாச முகமூடியை எடுத்து மாட்டத் தொடங்கினான்.

“கோ இன், மேன்” என்று கத்தினார் மயில்சாமி. “மை வைஃப் இஸ் இன்சைட்.”

அவன் திரும்பவில்லை. பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தான். கன்னத்து ரப்பரைக் கைகளால் அழுத்திப் பார்த்தான்.

“கல்யாண மாப்பிள்ளை கணக்கா அலங்காரம் பண்ணிட்டிருக்கான் பாருங்க” என்றார் நஞ்சுண்டன். “நம்ம ஆளா இருந்தா இந்நேரம் உள்ள பாய்ஞ்சிருப்பான்.”

“அவங்களுக்குத் தெரியும் அங்கிள்” என்றாள் பக்கத்து பிளாக்கிலிருந்து வந்து நின்ற வான்மதி. அவள் வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன. சரணம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவன் முகமூடியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருதரம் மூச்சை இழுத்துச் சரிபார்த்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு புகைக்குள் போனான்.

வான்மதியின் உதடுகள் நின்றன. “ஒரு நிமிஷம்கூட ஆகலை” என்றாள். “நான் எண்ணினேன்.”

அவன் ருக்மிணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தபோது அவள் இருமிக்கொண்டிருந்தாள். மயில்சாமி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவள் கண் திறந்து அவரைப் பார்த்தாள்.

வீரன் புல்தரையில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினான். மழித்த கன்னங்களைச் சுற்றி ரப்பரின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. கோட்டுக் காலரைத் தளர்த்தியபோது துளசி மாலை வெளியே வந்தது.

மயில்சாமி ருக்மிணியின் கையை விடாமல் அவனையே பார்த்தார்.

“நீங்க எப்படி இதுல?” என்றார் நஞ்சுண்டன்.

“இந்த ஊர்ல ஃபயர் சர்வீஸே வாலன்டியர்ஸ்தானே அங்கிள், நானும் ஒருத்தன். பேஜர் அடிச்சா ஓடணும்.”

“அப்போ தாடி…”

“தாடி இருந்தா மாஸ்க் முகத்துல உக்காராது. சந்து வழியா புகை வந்துடும். சரி பண்ணிப் பண்ணிப் பாத்துட்டிருந்தா நேரமும் போயிடும். ஒரு நிமிஷத்துக்குள்ள போட்டாகணும், சரியாவும் போட்டாகணும். அரைகுறையா மாட்டிட்டு ஓடினா உள்ள ரெண்டு பேராக் கிடப்போம்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் ஆரம்பிச்சேன்” என்றான் இளமாறன்.

வான்மதி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் கொடுத்தாள். கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்படி, அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பஜனை நஞ்சுண்டன் வீட்டில். ருக்மிணியும் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். இளமாறன் அன்று காலை மழித்த முகத்தோடு வந்து பின்வரிசைக்குப் போனான்.

பாட்டு முடிந்தது. மயில்சாமி கற்பூரத் தட்டோடு எழுந்து பின்வரிசைக்கு வந்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு தீப்பெட்டியைத் திறந்தான்.

“ஒரு நிமிஷம், சாமி.”

மயில்சாமி சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து ஏறினார். அங்கேயும் புகை அலாரத்துக்கு மாட்டியிருந்த ஷவர் கேப்பைக் கழற்றி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.