சாயங்கால வரிசை

பொதுக் கழிப்பறைக்கு மக்களை வரவைப்பது எப்படி? அந்த இணைய வகுப்பின் பாடமே அதுதான். வார்டு சுகாதாரப் பணியாளர் அக்கா ஒரு மாலைகூட வகுப்பைத் தவறவிட்டதில்லை. வீட்டில் மாமியாரின் டிவியும் பிள்ளைகளின் சண்டையும் காதைக் கிழிக்கும். அதனால் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் பாடம் கேட்க ஓர் இடம் பிடித்திருந்தாள்.

கடைசி வகுப்பில் பயிற்சியாளர் திரையில் ஒரு போட்டோவைக் காட்டினார்.

"எல்லா வார்டுலயும் கழிப்பறை காத்தாடுது. இவங்க வார்டுல மட்டும் சாயங்காலமானா பொம்பளைங்க வரிசை கட்டி நிக்கிறாங்க! எப்படிம்மா சாதிச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை சார்."

"என்ன ஒரு தன்னடக்கம்! அடுத்த மாசத்துலேர்ந்து நீங்களே தினமும் பாடம் எடுக்கறீங்க. ரெண்டு மணி நேரம்."

அக்கா நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"அக்கா! எங்களுக்குன்னு இருக்கறதே ஒரு கக்கூஸ். தினமும் அதுக்குள்ள உக்காந்து பாடம் கேட்டா, நாங்க எங்கே போறது? வெளிய வாங்க!"

"இன்னைக்கோட முடியுதுன்னுதானே சொன்னீங்க?" என்றது வரிசையில் இன்னொரு குரல்.

அக்கா அவசரமாகப் போனின் மைக்கை அணைத்தாள்.