கால்மாட்டுப் பலகை

காகுப்பே ஊரில், மாமரத்தடியில் உட்கார்ந்து, தானே செய்த கிட்டாருக்குச் சாயம் ஏற்றுகிறான் அனஸ்தாசியோ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு, விளிம்பில் கரும்பழுப்பு. ஒன்றோடொன்று கோடு தெரியாமல் கலக்கும்படி துணியை வட்டமாகத் தேய்க்கிறான். பலகை, கொட்டகையில் கிடந்த மாமியாரின் பழைய கட்டிலில் இருந்து எடுத்தது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. குளிர்ந்த மாத்தே பானத்தை உறிஞ்சியபடி மாமியார் எமெரென்சியா வந்து நிற்கிறாள். உறிஞ்சும் சத்தம் நின்றுபோகிறது. மஞ்சளுக்கு நடுவே கண்போல விழித்திருக்கும் மரக்கணுவைத் தொடுகிறாள்; விரல்நுனி மஞ்சளாகிறது. "என் கால்மாட்டுல இருந்து என்னையே முறைச்சுக்கிட்டிருந்த கணுதானே மாப்பிள்ளை இது?" அனஸ்தாசியோ துணியைக் கீழே வைக்கிறான். "ஆமா அத்தை." அவள் இன்னொரு மடக்கு உறிஞ்சுகிறாள். "செத்துப்போன உங்க மாமா முழி மாதிரியே இருக்கு. இதுமேலயும் அந்த விளிம்புக் கறுப்பைப் பூசிடுங்க." "நடுவுல கறுப்பு வந்தா அழகே போயிடும் அத்தை." "போனாப் போகட்டும். நான் நிம்மதியா பாட்டுக் கேக்கணும்."