ஓட்டிப் பாத்துடலாம்

மோட்டார் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. இளையவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

மோட்டாரைக் குளிரவைத்த தண்ணீர் வெளியே பீச்சும் துளையில் விரல் வைத்தான். பீச்சல் விடாமல் வந்தது. மோட்டார் மாட்டிய பின்பலகையைத் தட்டினான். ஊறிப்போன சத்தம் இல்லை. நண்டுக் கூடுகளை அடுக்கிய பிறகும் இரண்டு பேர் தாராளமாகப் புழங்கலாம்.

இந்தப் படகையும் அண்ணி வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள்.

அண்ணன் நண்டு பிடிக்கப் போய்த் திரும்பாததிலிருந்து வீட்டில் படகு இல்லை. காற்றே இல்லாத நாள் அது. கவிழ்ந்திருக்கும் என்று போலீசில் எழுதி முடித்துவிட்டார்கள். ஆளும் கிடைக்கவில்லை, படகின் ஒரு துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை.

பிறகு ஒரு காலை, "நீ தொழில் பண்ணு, நான் படகு பாத்துத் தரேன்" என்று அண்ணி செருப்பை மாட்டினாள். தேறிவிட்டாள் என்று வீடே மூச்சு விட்டது.

ஆனால் அவள் பார்த்த விதம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. பக்கத்திலேயே நல்ல படகுகள் விலைக்கு வந்தன. ஏறுவாள், குனிவாள், உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கிவிடுவாள். அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நாம வாங்குறதுக்குள்ள நண்டெல்லாம் கெழடாயிடும் என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

இன்று வந்து சேர்ந்தது ஆள் நடமாட்டமில்லாத ஒரு பழைய துறைக்கு. படகுக்காரர் தன்மையாகத்தான் பேசினார். வாங்கின நாளிலிருந்து அவர் கையை விட்டு எங்கும் போகாத படகாம். எப்போதுமே வெள்ளை நிறம்தானாம். முதுகுவலியால் கொடுக்கிறாராம்.

ஓட்டிப் பார்க்க பெட்ரோல் போதாது என்று கொட்டகைக்குள் போனார்.

அண்ணி முன்சீட்டருகே குனிந்தவள் நிமிரவே இல்லை.

"தம்பி, இதுக்கு அடியில கைய வெச்சுப் பாரு."

வைத்தான். ஃபைபர் ஒட்டு, அதன் மேல் புது பெயிண்ட். ஒட்டின் நடுவே ஒரு குழி. அவன் கட்டைவிரல் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அண்ணன் படகில் விழுந்த விரிசலை ஒட்டிவிட்டு, காயும்வரை பொறுக்காமல் அழுத்திப் பார்த்தது அவன்தான். காலேஜ் முடித்த பிள்ளை கைநாட்டு வைத்துவிட்டான் என்று அண்ணன் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.



அண்ணி ஒருநாளும் படகு வாங்கக் கிளம்பியதில்லை.

"எறங்குங்க அண்ணி. போலீசுக்குப் போயிடலாம்."

"திரும்பி வர்றதுக்குள்ள இந்தப் படகும் இருக்காது, இந்த ஆளும் இருக்க மாட்டான்."

கேனோடு படகுக்காரர் வந்தார். ஊற்றினார், கயிற்றை அவிழ்த்தார்.

"ஓட்டிப் பாத்துடலாமா?"

"பாத்துடலாம்ணே" என்றாள் அண்ணி, காய்கறிக் கடையில் பேசுகிற குரலில்.

இளையவன் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

துறை சின்னதாகிக்கொண்டே போனது. படகுக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"நண்டு புடிச்சுப் பழக்கம் உண்டாம்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு உண்டு."

"அவரு வரலியா?"

அண்ணி முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

"அவரு எங்கன்னு உங்களக் கேக்கத்தான் வந்தோம்ணே."

படகுக்காரர் திடுக்கிடவில்லை. யார் நீங்கள், என்ன உளறல் என்று கேட்கவும் இல்லை.

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

பிறகு நடுக்கடலைப் பார்த்து மோட்டார் கைப்பிடியை முழுக்க முறுக்கினார்.